துளை சிறிது, கால் பெரிது

முன்னுரை

எலெக்ட்ரானிக்ஸ் பயிலத் தொடங்கும் மாணவி முதலில் கையில் எடுப்பது பிரெட்போர்டு என்னும் துளைப் பலகையைத்தான். பற்றவைக்க வேண்டியதில்லை, உறுப்புகளின் கால்களைத் துளைகளில் செருகினால் மின்சுற்று உருவாகிவிடும். பிழை நேர்ந்தால் பிடுங்கி மீண்டும் செருகலாம். ஆனால் கடையில் வாங்கிவரும் உறுப்புகள் எல்லாம் இந்தத் துளைகளுக்கென்றே செய்யப்பட்டவை அல்ல. சிலவற்றின் கால் தடித்திருக்கும். சிலவற்றின் கால்கள் நெருங்கியிருக்கும். சிலவற்றுக்குக் கால்களே இரா. அப்போது பெரும்பாலோர் செய்வது என்ன? கட்டைவிரலால் அழுத்துகிறோம்! உறுப்பு உள்ளே போய்விடுகிறது, பலகை கெட்டுவிடுகிறது.

பள்ளி ஆய்வகத்துப் பலகை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இன்று எட்டாம் வகுப்பு மாணவி விரிவாக்கிய துளையில் நாளை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒரு மெல்லிய கம்பியைச் செருகுவாள். அது தளர்ந்து நிற்கும். அவளுடைய சுற்றுப்படம் சரியாக இருந்தும் விளக்கு எரியாது. “எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் வராது” என்று அவள் முடிவு கட்டிவிடக்கூடும். ஒரு துளை கெட்டதற்காக ஒரு மாணவியின் ஆர்வம் கெடலாமா? எனவே பொருந்தாத உறுப்புகளைப் பலகைக்குத் தீங்கின்றிப் பொருத்தும் முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

பலகையின் அமைப்பு

வானொலி வளர்ந்துவந்த தொடக்க நாள்களில் ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் மரப்பலகையின்மேல் ஆணி அடித்துக் கம்பி சுற்றிச் சோதனை செய்தனர். அதனால் வந்த பெயரே பிரெட்போர்டு. இன்று நாம் பயன்படுத்தும் வெண்ணிறத் துளைப் பலகை 1971இல் அமெரிக்காவில் ரொனால்டு போர்ச்சுகல் என்பவரால் வடிவமைக்கப்பட்டது.

இதில் அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையே 2.54 மி.மீ. தூரம் உள்ளது. இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது? ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதில் பத்தில் ஒரு பங்கே 2.54 மி.மீ. இருபக்கமும் கால்களுள்ள ஐ.சி. உறை 1964இல் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் உருவானபோது அதன் கால்களை இந்த இடைவெளியில் வைத்தனர். பலகையும் அதையே பின்பற்றியது. நடுவில் ஓடும் பள்ளத்தின் இருபுறத் துளைகளுக்கும் இடையே 7.62 மி.மீ. உள்ளது, அதாவது மூன்று இடைவெளி. அதனால்தான் 555 போன்ற ஐ.சி.க்கள் பள்ளத்தின்மேல் அழகாக அமர்கின்றன.

நம் நாடோ 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. ஜப்பானிலும் சீனாவிலும் செய்யப்படும் பல உறுப்புகளும் மில்லிமீட்டர் கணக்கில் அமைகின்றன. பொருத்தமின்மைக்கு இது ஒரு காரணம். அங்குலப் பலகையில் மில்லிமீட்டர் உறுப்பைச் செருக முயல்கிறோம்.

அழுத்தினால் என்ன நேரும்?

துளைக்கு உள்ளே ஓர் உலோகப் பட்டை இருக்கிறது. ஐந்து துளைகளுக்கு ஒரு பட்டை. ஒவ்வொரு துளையின் கீழும் அது இரு இதழ்களாகப் பிரிந்து, நுழையும் கம்பியை இருபக்கமும் கவ்விப் பிடிக்கிறது. இது ஒரு வில் போன்றது. மீள்தன்மை எல்லையைப் பற்றி இயற்பியலில் படிக்கிறோம் அல்லவா? எல்லைக்குள் இழுத்த சுருள்வில் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லை கடந்தால் திரும்பாது. இந்த இதழ்களுக்கும் அதே விதிதான்.

பொதுவாக இத்துளைகள் 0.3 மி.மீ. முதல் 0.8 மி.மீ. வரை தடிப்புள்ள கம்பிகளை ஏற்கும். கால் வாட் மின்தடையின் கால் எளிதில் நுழையும். 1 ஆம்பியர் டையோடின் கால் ஏறத்தாழ 0.8 மி.மீ.; எல்லையில் நிற்கிறது. 3 ஆம்பியர் டையோடின் கால் 1.2 மி.மீ.க்கு மேல் தடித்தது. அதை அழுத்திச் செருகினால் இதழ்கள் நிலையாக விரிந்துவிடும். பிறகு மெல்லிய கம்பியைச் செருகினால் ஒரு கணம் தொடும், ஒரு கணம் விடும். விட்டுவிட்டு வரும் இத்தகைய பழுதைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

முதலில் அளத்தல்

இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் உள்ளன. பெரும்பாலும் எஃகுக் குண்டையும் கம்பியையும் அளந்து ஏட்டில் எழுதியதும் அவற்றை அலமாரியில் வைத்துவிடுகிறோம். அவற்றுக்கு உண்மையான வேலை இங்கே காத்திருக்கிறது.

காலின் தடிப்பைத் திருகு அளவியால் அளக்கலாம், அது 0.01 மி.மீ. வரை காட்டும். கால்களுக்கு இடையேயுள்ள தூரத்தை வெர்னியரால் அளக்கலாம். இடைவெளி மிகச் சிறிதானால் ஒன்றை மட்டும் அளக்காமல், முதல் காலிலிருந்து கடைசிக் கால் வரை அளந்து இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பிழையும் அவ்வளவு மடங்கு குறையும். பலகையிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். 11 துளைகளை எண்ணினால் இடைவெளிகள் 10; மொத்தம் 25.4 மி.மீ. வரும்.

அளந்தபின் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கால் 0.8 மி.மீ.க்கு மேல் தடித்ததா? கால்களின் இடைவெளி 2.54இன் மடங்கா? உறுப்பை யாரேனும் திருகவோ, அழுத்தவோ, இழுக்கவோ போகிறார்களா? இவற்றின் விடையைப் பொறுத்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் ஊர்க் கைத்தொழில் கற்பிக்கும் பாடம்

திருச்சியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் தொழில் நெடுங்காலம் குடிசைத் தொழிலாக நடந்துவந்தது. பெண்களும் அதில் ஈடுபட்டனர். அவ்வளவு சிறிய கல்லை விரலால் பிடித்துச் சுழலும் தட்டில் வைக்க இயலாது. அதனால் கல்லை ஒரு குச்சியின் முனையில் அரக்குப் போன்ற பொருளால் ஒட்டிக்கொண்டு, குச்சியைக் கையில் பிடிப்பார்கள். இதற்காகக் கல்லையும் பெரிதாக்கவில்லை, விரலையும் சிறிதாக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பொருள் ஒன்றை வைத்தார்கள்.

நமக்கும் வேண்டியது அதுவே. உறுப்புக்கும் பலகைக்கும் நடுவே நிற்கும் ஓர் இடைப்பொருள். ஒரு பக்கம் உறுப்புக்குப் பொருந்தவேண்டும். மறுபக்கம் துளைக்குப் பொருந்தவேண்டும். கடைகளில் “பெர்க் ஸ்டிரிப்” என்று கேட்டால் கிடைக்கும் ஊசி வரிசை இதற்கு மிகவும் ஏற்றது. 0.64 மி.மீ. சதுர ஊசிகள் 2.54 மி.மீ. இடைவெளியில் அணிவகுத்து நிற்கும். வேண்டிய எண்ணிக்கையை ஒடித்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: தொட்டி மணி

மாடித் தொட்டி நிரம்பி வழிவதைக் காணாத வீடு நம் ஊரில் உண்டா? காவிரி அருகில் ஓடுகிறது என்பதற்காகத் தண்ணீரை வீணாக்கலாகாது. தொட்டி நிரம்பியதும் ஒலிக்கும் எளிய கருவி ஒன்றைத் துளைப் பலகையில் அமைப்போம். இதற்கு வேண்டியவை: 12 வோல்ட் டி.சி. அடாப்டர், அதைச் செருகும் ஜாக், 7805 என்னும் 5 வோல்ட் சீராக்கி, பி.சி. 547 டிரான்சிஸ்டர், 1 கிலோஓம் மின்தடை, 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், 5 வோல்ட் பஸ்ஸர், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இரண்டு.

செயல்படும் விதம் இதுதான். எஃகுக் கம்பிகளில் ஒன்று 5 வோல்ட்டுடனும், மற்றொன்று மின்தடை வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுடனும் இணைந்திருக்கும். பஸ்ஸர் 5 வோல்ட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவே இருக்கும். எமிட்டர் எதிர்முனையில் இணையும். நீர் இரு கம்பிகளையும் தொட்டதும் சிறு மின்னோட்டம் பேஸுக்குள் பாய, பெரிய மின்னோட்டம் பஸ்ஸர் வழியே பாய்ந்து ஒலி எழும். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே வைக்கும் பொட்டென்ஷியோமீட்டர் உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் உதவும்.

சுற்று எளிது. ஆனால் மேற்சொன்ன உறுப்புகளில் அப்படியே பலகையில் அமர்வது மின்தடை ஒன்றுதான்! மற்றவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

டிரான்சிஸ்டர்: பி.சி. 547இன் கால்கள் 1.27 மி.மீ. இடைவெளியில் உள்ளன, அதாவது பாதித் துளை இடைவெளி. நடுக்காலை நேராக விட்டு, ஓரக் கால்கள் இரண்டையும் வெளிப்புறமாக 1.27 மி.மீ. நகர்த்தினால் போதும். விரலால் இழுக்கலாகாது. உடலிலிருந்து 2 அல்லது 3 மி.மீ. தள்ளிக் கூர்மூக்குக் குறடால் காலைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே வளைக்க வேண்டும். உடலை ஒட்டியே வளைத்தால் உறைக்குள் உள்ள இணைப்பு அறுந்துபோகலாம். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் கால் ஒடிந்துவிடும்.

7805 சீராக்கி: இதன் கால்கள் 2.54 மி.மீ. இடைவெளியில்தான் உள்ளன. ஆனால் அவை பட்டையானவை, அகலம் 0.8 மி.மீ.க்கு அருகிலோ சற்று மேலோ இருக்கும். உடலுக்கு அருகில் இன்னும் அகன்றிருக்கும். “இடைவெளி சரியாக இருக்கிறதே” என்று அடிவரை அழுத்துவதால்தான் மிகுதியான பலகைகள் கெடுகின்றன. மூன்று ஊசிகள் கொண்ட பெர்க் துண்டை எடுத்து, ஒவ்வொரு காலையும் ஓர் ஊசியோடு பற்றவைத்துக்கொண்டால் இத்தொல்லை தீர்ந்தது.

அடாப்டர் ஜாக்: இதன் கால்கள் தகடுகள், எந்தத் துளையிலும் நுழையா. இரண்டு வண்ணக் கம்பிகளைத் தகடுகளில் பற்றவைத்து, கம்பிகளின் மறுமுனையைப் பலகைக்குக் கொண்டுவர வேண்டும். சிவப்பு நேர்முனைக்கும் கறுப்பு எதிர்முனைக்கும் என்று வழக்கத்தை மாற்றாமல் இருப்பது நல்லது. கம்பி ஒற்றை இழையாக இருந்தால் துளையில் நன்கு நிற்கும். தொலைபேசிக் கேபிளினுள் இருக்கும் 0.5 மி.மீ. செம்புக் கம்பி இதற்கு மிகவும் ஏற்றது. வீட்டில் மிஞ்சிய லேன் கேபிள் துண்டிலும் ஒற்றை இழைக் கம்பி இருந்தால் அதுவும் ஏற்றதே. பல இழைக் கம்பியானால் இழைகள் பிரிந்து பக்கத்துத் துளையைத் தொடும். அதன் முனையில் ஒரு பெர்க் ஊசியைப் பற்றவைத்தே செருக வேண்டும்.

பஸ்ஸர்: வட்டப் பஸ்ஸர்களில் சிலவற்றின் கால்கள் 7.6 மி.மீ. இடைவெளியில் இருக்கும். அது மூன்று துளை இடைவெளிக்குச் சமம், அப்படியே அமரும். வேறு அளவானால் கால்களைக் குறடால் சற்றே வளைக்கலாம். கம்பியுடன் வருவதானால் ஊசி பற்றவைக்கலாம்.

பொட்டென்ஷியோமீட்டர்: இதன் மூன்று கால்களும் பொதுவாக 5 மி.மீ. இடைவெளியில் உள்ளன. இரண்டு துளை இடைவெளி 5.08 மி.மீ.; வேறுபாடு மிகக் குறைவு. எனினும் நேரே செருகுவது தவறு. காரணம் வேறு. அதன் தண்டை நாம் திருகுகிறோம். திருகும் விசை முழுவதும் துளையின் இதழ்களுக்குப் போகிறது. ஆகவே மூன்று மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, பொட்டென்ஷியோமீட்டரை அட்டையிலோ மரத்துண்டிலோ தனியே பொருத்துக. கம்பிகளை விறைப்பாக இழுக்காமல் சற்றே தொய்வாக விட வேண்டும். திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் போக்குவரத்தை நிறுத்தி அதைப் பழுதுபார்த்தபோது, அதன் தளத்துண்டுகளுக்கு நடுவேயுள்ள விரிவு இணைப்புகளைப் புதுப்பித்தனர். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பாலத்துக்கே அசைய இடம் வேண்டியிருக்கிறது. கை படும் கம்பிக்கு வேண்டாமா?

பெருகும் பிழை

5 மி.மீ.க்கும் 5.08 மி.மீ.க்கும் வேறுபாடு 0.08 மி.மீ. மட்டுமே. மூன்று கால்களுக்கு மொத்தம் 0.16 மி.மீ.; துளை பொறுத்துக்கொள்ளும். ஆனால் திருகு முனைகள் 10 வரிசையாக உள்ள ஓர் இணைப்பியை எண்ணிப் பாருங்கள். இடைவெளிகள் 9, பிழை 0.72 மி.மீ. முதல் கால் நுழையும்போது கடைசிக் கால் துளையின் ஓரத்தில் இடிக்கும். 2.5 மி.மீ. இடைவெளியுள்ள இணைப்பிகளிலும் அப்படியே. மூன்று ஊசி நுழையும். 20 ஊசியானால் 19 இடைவெளிகளில் 0.76 மி.மீ. பிழை சேர்ந்துவிடும். சிறு பிழைதானே என்று விடுவதற்குமுன் அது எத்தனை முறை திரும்ப வருகிறது என்று பெருக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். கணக்குப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

மிகச் சிறியவையும் மிக அகன்றவையும்

இக்காலத்துக் கருவிகளில் பல உறுப்புகள் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டுபவை. அவற்றுள் பெரிய வகை ஐ.சி.யின் கால்களே 1.27 மி.மீ. இடைவெளிதான். இவற்றை வளைத்துப் பொருத்தும் எண்ணமே வேண்டாம். அவற்றுக்கென மாற்றுப் பலகைகள் விற்கின்றன. நடுவில் ஐ.சி.யைப் பற்றவைத்து, இரு ஓரங்களிலும் பெர்க் ஊசி வைத்தால் பழைய ஐ.சி.யைப் போலவே துளைப் பலகையில் அமரும்.

இதற்கு நேர்மாறான தொல்லை அகலத்தால் வருவது. பலகையின் ஒரு பக்கக் கடைசித் துளையிலிருந்து மறுபக்கக் கடைசித் துளை வரை 11 இடைவெளிகள், 27.94 மி.மீ. இ.எஸ்.பி. 32 போன்ற கட்டுப்படுத்திப் பலகை ஒன்றின் கால்வரிசைகள் 25.4 மி.மீ. விலகியிருந்தால், அது 10 இடைவெளிகளை விழுங்கிவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு துளை மிஞ்சும். மறுபக்கத்தில் கம்பி செருக இடமே இராது. இதற்கு இரண்டு துளைப் பலகைகளை அருகருகே வைத்து, ஒவ்வொரு கால்வரிசையையும் ஒவ்வொரு பலகையில் செருக வேண்டும். செலவில்லாத தீர்வு!

பற்றவைத்தல்

மேற்கண்ட வழிகளில் பலவற்றுக்குச் சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும். உலோகங்களை இணைக்கும் கலை நம் ஊருக்குப் புதிதன்று. திருச்சி பெல் நிறுவனத்தில் 1975இலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. வெல்டிங்கில் இணையும் உலோகமே உருகுகிறது. பற்றவைத்தலிலோ நடுவே வைக்கும் ஈயக்கலவை மட்டும் உருகுகிறது. வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் கொண்ட கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும்.

கோலின் நுனியால் முதலில் காலையும் ஊசியையும் சேர்த்துச் சூடாக்கி, பிறகு அவற்றின்மேல் கலவைக் கம்பியை வைக்க வேண்டும். கலவையைக் கோலில் உருக்கி அப்பினால் அது ஒட்டியதுபோல் தோன்றும்; உள்ளே இணைப்பு இராது. சன்னலோரத்தில் அமர்ந்து, ஆசிரியை உடனிருக்கும்போதே செய்க. காரீயம் நஞ்சு, ஆகையால் முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

துளையை ஊசியாலோ ஆணியாலோ பெரிதாக்கலாகாது. நிலையாகப் பற்றவைக்கும் டாட் போர்டில் தடித்த காலுக்காகத் துளையைத் துரப்பணத்தால் விரிக்கலாம்; அங்கே பிடித்துக்கொள்வது ஈயம். பிரெட்போர்டில் பிடித்துக்கொள்வது இதழ். அதை விரித்தால் பிடிப்பே போயிற்று.

ஒரு துளை வழியே 1 ஆம்பியருக்கு மேல் செலுத்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை ஒருபோதும் பிரெட்போர்டுக்குக் கொண்டுவரக் கூடாது. தொட்டி மணியை மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியாக மாற்ற விரும்புவோர் ரிலேயைப் பற்றி எண்ணுவர். அதன் ஐந்து கால்களும் பலகையின் துளைகளுக்குப் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் அங்கே வைக்கலாகாது. அந்த வேலை தேர்ந்த மின்பணியாளருக்கு உரியது.

முடிவுரை

எழுத்தாளர் சுஜாதா திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பின்னாளில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பெரும்பங்கு கொண்டார். அத்துறையை எளிய தமிழில் மக்களுக்கு விளக்கியும் எழுதினார். இத்தெருக்களில் நடந்த ஒருவருக்கு அது இயன்றதென்றால், இங்கு பயிலும் மாணவியருக்கும் இயலும்.

அதற்கு நம் ஆய்வகத்துப் பலகைகள் நம்பத்தக்கனவாக இருக்க வேண்டும். எனவே இரண்டு வழக்கங்களை இக்கல்வியாண்டிலேயே தொடங்குவோம். ஒன்று: ஒரு 0.5 மி.மீ. கம்பியைச் செருகி இழுத்துப் பார்த்து, பிடிப்பில்லாத துளைகளுக்கு அருகே சிவப்பு மையால் புள்ளி வைப்போம். அடுத்து வருபவள் அதைத் தவிர்ப்பாள். மற்றொன்று: ஊசி பற்றவைத்த 7805, கம்பி இணைத்த ஜாக், பொட்டென்ஷியோமீட்டர் ஆகியவற்றைச் செயல்திட்டம் முடிந்ததும் பிரித்துப் போடாமல், பெயரெழுதிய ஒரு பெட்டியில் இட்டு வைப்போம். பெற்றோர்களும் பழைய அடாப்டர், மிஞ்சிய கேபிள் துண்டு இவற்றைக் குப்பையில் எறியாமல் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால் பேருதவியாக இருக்கும். ஒருத்தி ஒருமுறை செய்த இடைப்பொருள் பத்து மாணவியருக்குப் பயன்படும். பெட்டி ஆண்டுதோறும் நிறையும்.

பொருந்தாத காலைக் கண்டதும் கட்டைவிரல் முந்துகிறது. அதை நிறுத்தி, அளவியைக் கையில் எடுப்போம். அளந்து, எண்ணி, நடுவே ஒரு துணையை அமைத்து இணைப்போம். நமக்குப் பின் அந்தப் பலகையில் அமர்பவளின் விளக்கும் எரியும்.